தோல் ஒவ்வாமைக்கு ஒட்டுச் சோதனை: பினாங்கில் நான் செய்துகொண்டதும் என் மதிப்பீடும்

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக என் இரு கைகளிலும் விரலிடுக்கில் தொடங்கி மணிக்கட்டு வரை பரவியிருந்த படைக்கும், இடையிடையே கண்ணிமைகள் தடித்து வீங்கியதற்கும் காரணம் என்னவென்று அறிய, ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தோல் மருத்துவப் பிரிவில் சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒட்டுச் சோதனை செய்துகொண்டேன். மருத்துவமனையில் இதை எல்லாரும் ‘பேட்ச் டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். திங்கள், புதன், வெள்ளி என ஒரே வாரத்தில் மூன்று முறை பட்டர்வொர்த்திலிருந்து படகேறித் தீவுக்குப் போய்வந்தேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த சேவையைப் பற்றியும், இச்சோதனைக்குப் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை பற்றியும் எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வெண்கட்டியும் மையும் கழுவுவதும் துடைப்பதுமாக நாள் முழுதும் கைக்கு வேலை உண்டு. வீட்டிலோ சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு. கையில் முதன்முதலாக நீர்க்கொப்புளங்கள் தோன்றி, உடைந்து, தோல் வெடித்தபோது என் மாமியார் பார்த்த உடனே அதைக் கரப்பான் என்றார். கரப்பான் என்றால் நம் வீடுகளில் அடுத்த நொடியே பத்தியம் தொடங்கிவிடும். கத்தரிக்காய், கருவாடு, இறால், கோழி, நிலக்கடலை என ஒவ்வொன்றாக என் தட்டிலிருந்து போயின. அவர் அக்கறையோடுதான் சொன்னார். நானும் முழு நம்பிக்கையோடு ஓராண்டுக்கும் மேல் அப்படியே இருந்தேன். கை ஆறவில்லை. பள்ளி விடுமுறைகளில் சற்று வாடும், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் மீண்டும் பொங்கும். அந்தக் கணக்கை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்; உணவிலேயே கண்ணாக இருந்ததால் கவனிக்கவில்லை.

இடையில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஏராளமான உணவுப் பொருள்களுக்கான ஒவ்வாமையை ஒரே இரத்த மாதிரியில் கண்டறிந்து தருவதாகச் சொன்னதை நம்பிப் பணம் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பட்டியலிட்ட அறிக்கை ஒன்று வந்தது. அதன்படி அரிசியும் பாலும் கூட எனக்கு ஆகாதவை. பிற்பாடு தோல் மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்து, அது ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளந்த சோதனை என்றும், ஓர் உணவை நாம் வழக்கமாக உண்கிறோம் என்பதையே அது பெரும்பாலும் காட்டும் என்றும் விளக்கினார். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-ஆம் ஆண்டிலேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இவ்வகைச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. கையில் படை வந்தவர்களிடம் ‘அலர்ஜி டெஸ்ட்’ என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட மூன்று நான்கு சோதனைகள் விற்கப்படுகின்றன. எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் போனால் பணமும் காலமும் வீணாகும்.

இறாலைத் தின்ற அரைமணியில் உதடு வீங்குவதும், தூசியில் தும்முவதும் உடனடி ஒவ்வாமை. அதற்கு ஐ.ஜி.ஈ. என்னும் புரதம் காரணம். தோலில் துளி வைத்து ஊசி முனையால் மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனை அதற்கானது. கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். ஒரு பொருள் தோலில் பட்டு ஒன்று இரண்டு நாள் கழித்துப் படையாகக் கிளம்புவதோ வேறு வகை. அதை நடத்துபவை இரத்தத்தில் உள்ள டி அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள். ஒரு முறை ஒரு வேதிப்பொருளைப் பகையென்று பதிந்துகொண்டபின், அது மீண்டும் தோலில் படும்போதெல்லாம் அவ்வணுக்கள் திரண்டு வருகின்றன. திரண்டு வர நேரம் பிடிப்பதால், திங்கட்கிழமை தொட்ட பொருளுக்குப் புதன்கிழமை அரிக்கும். நாமோ செவ்வாய்க்கிழமை உண்டதைக் குறை சொல்வோம். இந்தத் தாமதமே ஒட்டுச் சோதனையின் அடிப்படை. சந்தேகத்துக்குரிய பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி வைத்து, படை வருகிறதா என்று நாள் கணக்கில் காத்திருந்து பார்ப்பதுதான் இம்முறை. யோசெப் யடாசோன் என்னும் தோல் மருத்துவர் 1895-ஆம் ஆண்டில் பாதரசத்தை வைத்து இதை முதன்முதலாக முறைப்படி எடுத்துக் காட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கடந்தும் இதன் அடிப்படை மாறவில்லை.

இனி மருத்துவமனைக்கு வருகிறேன். பதிவு செய்த நாளிலிருந்து சோதனை நாள் வரை ஆறு வாரம் காத்திருக்க நேர்ந்தது. அதற்கு ஒரு பகுதி நானே காரணம். பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் கொடுத்திருந்த பிரெட்னிசோலோன் மாத்திரையை அப்போதுதான் முடித்திருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரை உடலில் இருக்கும்போது சோதித்தால், வரவேண்டிய எதிர்வினை அடங்கிப் பொய்யாக ‘ஒன்றுமில்லை’ என்று காட்டக்கூடும் என்பதால் தள்ளி வைத்தார்கள். முதுகில் ஒரு வாரத்துக்கு எந்த ஸ்டீராய்டு களிம்பும் பூசக்கூடாது, முதுகில் வெயில் காய்ந்திருக்கக்கூடாது என்பவையும் விதிகள். அரிப்புக்கு நான் இரவில் போட்டுக்கொண்ட மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். அது வேறு வகை ஒவ்வாமையை அடக்கும் மருந்து என்பதால் இச்சோதனையைப் பெரிதும் பாதிக்காது என்றார்கள். கையில் படை மிக மோசமாக இருக்கும் நேரத்திலும் சோதிப்பதில்லை. உடல் முழுதும் தோல் கொதித்துக்கொண்டிருக்கும்போது முதுகில் எதை வைத்தாலும் சிவந்து, எல்லாமே ஒவ்வாமை போலத் தோன்றிவிடுமாம்.

இந்த மருத்துவமனைக்கு நான் முழு மதிப்பெண் தருவது முதல் நாள் விசாரணைக்கே. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மருத்துவர் என் கையைத் தொடவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பாத்திரம் கழுவும் திரவம் எது, கையுறை அணிவீர்களா, துணிக்கு வாசனைத் திரவம் ஊற்றுவீர்களா, தலைக்குச் சாயம் உண்டா, காதணியில் முன்பு அரிப்பு வந்ததுண்டா, நெற்றியில் வைப்பது குங்குமமா ஒட்டுப் பொட்டா, கோவிலில் தரும் குங்குமமும் திருநீறும் எங்கே படுகின்றன, மல்லிகை தினமும் சூடுவீர்களா, மூட்டு வலிக்குத் தைலம் தேய்ப்பீர்களா, கணவர் சவரத்துக்குப் பின் என்ன பூசுகிறார், வீட்டுக்குக் கடைசியாக எப்போது வர்ணம் அடித்தீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன கேள்விகள். கணவர் பூசுவது என் கன்னத்தில் படையை வரவழைக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மருத்துவர் தமிழர் அல்லர். ஆயினும் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டுவது வரை கேட்டார். ஊக்கில் நிக்கல் இருக்கும் என்பது அவர் கணக்கு. நம் வீட்டுப் பழக்கங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கும் மருத்துவர் கிடைப்பது பெரும் பேறு.

வீட்டில் பயன்படுத்துவனவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஒரு பையில் கைக்களிம்பு, லிட்டில் இந்தியாவில் வாங்கிய குங்குமம், ஒட்டுப் பொட்டு அட்டை, மஞ்சள் நிற ரப்பர்க் கையுறை, பாத்திரத் திரவம், பள்ளியில் மேசை துடைக்கும் ஈரத்தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். கைக்களிம்பும் குங்குமமும் பொட்டும் அப்படியே ஒட்டத் தக்கவை; கையுறையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி நனைத்து வைத்தார்கள். பாத்திரத் திரவத்தை மட்டும் அப்படியே வைக்க மறுத்தார்கள். சவர்க்காரத் திரவத்தை நீர் கலக்காமல் இரண்டு நாள் முதுகில் மூடி வைத்தால் யாருக்கும் தோல் வெந்துவிடும். அதை ஒவ்வாமை என்று படித்துவிடக்கூடாது. இதைப் பொறுமையாக விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் தாமாகவே தலைச்சாயத்தையோ கழுவும் திரவத்தையோ கையில் கட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ஒட்டும் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. ஊசி குத்துவது இல்லை, இரத்தம் எடுப்பது இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிறுசிறு குழல்களிலிருந்து, வெள்ளை வாசலினில் குழைத்த பொருள்களைத் தாதி ஒவ்வொரு சிறு கிண்ணத்திலும் ஒரு புள்ளி அளவுக்குப் பிதுக்கினார். கிண்ணம் ஒன்றின் குறுக்களவு 8 மில்லிமீட்டர்தான். ஒரு பட்டைக்குப் பத்துக் கிண்ணங்கள். எனக்கு நான்கு பட்டைகளும், நான் கொண்டுபோனவற்றுக்கு அரைப் பட்டையும் ஆயின. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அடர்த்தி உண்டு. நிக்கல் சல்பேட் 5 விழுக்காடு, தலைச்சாயத்தின் மூலப்பொருளான பாரா-பினைலின்டையமின் 1 விழுக்காடு, சிமெண்டில் உள்ள குரோமியத்துக்காக வைக்கும் பொட்டாசியம் டைகுரோமேட் 0.5 விழுக்காடு. ஒவ்வாமை உள்ளவருக்குப் படை எழும்ப வேண்டும், இல்லாதவருக்குத் தோல் எரியக்கூடாது. அந்த இடைப்பட்ட அளவை உலகெங்கும் உள்ள தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகள் ஒப்பிட்டு வகுத்திருக்கிறார்கள். பட்டியலில் வாசனைக் கலவைகள், பெரு நாட்டுப் பிசின், குங்கிலியத்தை ஒத்த கொலபோனி என்னும் பிசின், ரப்பர் வேதிப்பொருள்கள், பதப்படுத்திகள், கம்பளி மெழுகு, நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து ஆகியவை இருந்தன. ஸ்டீராய்டு மருந்துகளும் இருந்ததைக் கண்டு வியந்தேன். படைக்குப் பூசும் களிம்பே சிலருக்குப் படைக்குக் காரணமாகிவிடுமாம்.

முதுகை நனைக்கக்கூடாது என்பது எல்லா இடத்திலும் உள்ள விதி. நம் ஊர் வெக்கையில் அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. தாதி தமிழ்ப் பெண். பட்டைகளின் ஓரங்களைக் கூடுதல் ஒட்டுநாடாவால் அடைத்துக்கொண்டே, “டீச்சர், ராத்திரி ஃபேன் போட்டுக் குப்புறப் படுங்க. முதுகு வேர்த்தா கழண்டுடும். படகுல வெயில் பக்கம் உக்காராதீங்க” என்றார். ஐந்து நாளும் இடுப்புக்குக் கீழ் மட்டும் குளியல், மேலுக்கு ஈரத்துணி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் வழக்கத்தை விட மனம் வராத எனக்கு அதுதான் கடினமாக இருந்தது. துணி தோய்ப்பதும் வீடு கூட்டுவதும் கணவர் பொறுப்பாயின. இறுக்கமான இரவிக்கைக்குப் பதில் பழைய பருத்திச் சட்டை அணிந்தேன். பட்டைகளின் இடம் தெரிய முதுகில் இட்டிருந்த எழுதுகோல் குறிகளின் மை துணியில் ஒட்டும் என்பதால் அதுவே நல்லதாயிற்று. செவ்வாய் இரவு இடத்தோள் பக்கம் தாங்க முடியாத அரிப்பு. சொறியக் கூடாது. மகள் ஓரம் பிரிகிறதா என்று பார்த்துப் படமெடுத்து வைத்தாள். பட்டை கழன்றால் கழன்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு அழைக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி நேரவில்லை.

புதன்கிழமை, அதாவது 48 மணி நேரம் கழித்து, பட்டைகளை உரித்துவிட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். உரித்தவுடன் ஒட்டுநாடாவின் அழுத்தத்தாலேயே தோல் சிவந்திருக்கும். அது அடங்கிய பிறகே பார்க்க வேண்டும். அவசரப்பட்டு உடனே படிக்காமல் காத்திருந்தது நல்ல அடையாளம்.

அடுத்து மருத்துவர் செய்ததை நம் மக்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மருத்துவ நூல்களில் உள்ள படங்களில் வெள்ளைத் தோலின்மேல் செக்கச்செவேல் என்ற வட்டங்கள் இருக்கும். என் நிறத் தோலில் சிவப்பு அப்படித் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சில சமயம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கறுத்தோ தெரியும். கண்ணால் மட்டும் பார்த்துக் கடந்துபோனால் மெல்லிய எதிர்வினைகள் தவறிவிடும். அவர் கூரை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேடு பள்ளத்தைப் பார்த்தார். பிறகு விரல் நுனியால் ஒவ்வொரு கட்டத்தையும் தடவினார். நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களில் ஒன்றையும் விடவில்லை. தோல் தடித்திருந்தால்தான் ஒவ்வாமை என்று கொள்ளலாம். தடிப்பும் சிறு பருக்களும் இருந்தால் ஒரு கூட்டல் குறி, நீர்க்கொப்புளம் இருந்தால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருந்தால் மூன்று. வெறும் நிறமாற்றம் மட்டும் இருந்தால் கேள்விக்குறியிட்டு வைப்பார்கள். தோல் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் நிறத் தோலில் இச்சோதனையைப் படித்துப் பழகியவரா என்று தயங்காமல் கேளுங்கள். அதைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

புதன்கிழமை விடை இதுதான்: மெத்தில்ஐசோதயாசோலினோன் என்னும் பதப்படுத்திக்கு இரண்டு கூட்டல், நிக்கலுக்கு ஒரு கூட்டல், ரப்பர் தொகுப்பில் தையூரம் கலவைக்குக் கேள்விக்குறி. வெள்ளிக்கிழமை மீண்டும் போனபோது அந்தக் கேள்விக்குறி இருந்த இடத்தில் கொப்புளங்களே எழும்பியிருந்தன. இரண்டாம் முறை பார்க்காமல் விட்டிருந்தால் தையூரம் என் பட்டியலில் சேர்ந்தே இருக்காது. நேர்மாறானதும் நடந்தது. புதனன்று லேசாகச் சிவந்திருந்த ஒரு வாசனைக் கலவையின் இடம் வெள்ளியன்று வெறுமையாக இருந்தது. அது எரிச்சலாக இருந்திருக்கக்கூடும் என்று நீக்கினார். உண்மையான ஒவ்வாமை நாளாக ஆக ஓங்குவதும், வெறும் எரிச்சல் மங்குவதும் வழக்கம். சில இடங்களில் பட்டையை உரிக்கும் நாளிலேயே அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படி ஓர் இடத்தில் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்வதைவிடக் காசு சேரும் வரை காத்திருப்பது மேல்.

நிக்கல் எனக்குப் பழைய கதை. பதின்ம வயதில் கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானது நினைவிருக்கிறது. அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் உடலில் பதிந்திருக்கும். ஆனால் இன்றைய கைப்படைக்கு அது காரணமன்று என்று மருத்துவர் பிரித்துச் சொன்னார். அறிக்கையில் ஒவ்வொரு கூட்டலுக்கும் எதிரே ‘இப்போதைய நோய்க்குப் பொருந்துவது’, ‘முன்பு பொருந்தியது’ என்று எழுதித் தந்தார்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் வேதிப்பெயர்களின் பட்டியல் மட்டுமே கையில் மிஞ்சும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மறுபடியும் பத்தியத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மெத்தில்ஐசோதயாசோலினோன் நீர் கலந்த பொருள்கள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படுவது. கைகழுவும் திரவம், ஷாம்பு, பாத்திரத் திரவம், துணி மென்மையாக்கி, ஈரத்தாள், நீர் கலந்த சுவர் வர்ணம் என அது இல்லாத இடமே அரிது. அமெரிக்கத் தொடுதோல் நோய்க் கழகம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதையே அறிவித்தது. பாதிக்கப்பட்டோர் பெருகியதால், பூசிக் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது. நான் கொண்டுபோன ஈரத்தாள் பையைத் திருப்பி மருத்துவர் உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயரைச் சுட்டிக் காட்டினார். வகுப்பில் நாளொன்றுக்குப் பத்து முறையாவது அந்தத் தாளை எடுத்து மேசையைத் துடைப்பேன். துடைத்த கையைக் கழுவுவதில்லை. பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் கை பொங்கியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கண்ணிமை வீக்கத்துக்கும் அதே பொருளே காரணம் என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே உடல் சிலிர்த்தது. முந்தைய தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு வீடு முழுதும் வர்ணம் அடித்தோம். மூன்றாம் நாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியது. பலகாரத்துக்கு வாங்கிய புது நெய்யில் கலப்படம் என்று அன்று முடிவுகட்டி, இரண்டு படி முறுக்கு மாவையும் சேர்த்துக் கொட்டினோம். புதிதாக அடித்த நீர் வர்ணத்திலிருந்து இப்பதப்படுத்தி காற்றில் கலந்து, முகத்தில் படிந்து, தொடாமலே படையை உண்டாக்கும் என்பது மருத்துவ ஏடுகளில் பதிவான செய்தி. வாரக்கணக்கில் கூட அது அறைக்குள் இருக்கக்கூடும். பண்டிகைக்கு வர்ணம் அடிக்கும் வீடுகளில் யாருக்கேனும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் முகம் வீங்கினால், இனிப்பைக் குறை சொல்லும் முன் சுவரையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

தையூரம் என் மனத்தை வருத்தியது. ரப்பரை வலுப்படுத்தும் வேலையை விரைவுபடுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள் அது. கையைக் காப்பதற்காக நான் நம்பி அணிந்த மஞ்சள் கையுறையில் அது இருந்தது. வெட்டி வைத்த துண்டும் வெள்ளியன்று ஒரு கூட்டல் காட்டியது. இது ரப்பர்ப் பாலில் உள்ள புரதத்துக்கு வரும் உடனடி ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. அந்தப் புரதம் ஆகாதவர்கள் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர்க் கையுறைக்கு மாறினால் போதும். எனக்கு அது போதாது. நைட்ரிலிலும் இத்தகைய விரைவூட்டிகள் சேர்க்கப்படுவதுண்டு. விரைவூட்டி இல்லை என்று குறிப்பிட்ட நைட்ரிலோ, வினைல் கையுறையோ வாங்கி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கையுறைகளை உலகுக்கெல்லாம் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இருந்துகொண்டு, எனக்கேற்ற ஒரு சோடியைத் தேட மூன்று மருந்தகங்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

குங்குமமும் ஒட்டுப் பொட்டும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள ஒரு வகைப் பிசின் சிலருக்கு நெற்றியில் படையையும், அது ஆறிய இடத்தில் வெண்திட்டையும் உண்டாக்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். தலைச்சாய வேதிப்பொருளுக்கும் எனக்கு எதிர்வினை இல்லை. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளிலும் இரவுச் சந்தைகளிலும் குழந்தைகளின் கையில் கறுப்பு மருதாணி என்று இடுவதில் அந்தச் சாயப்பொருள் மிகுதியான அடர்த்தியில் கலக்கப்படுவதுண்டு. அதில் ஒரு முறை புண்பட்ட குழந்தை, வளர்ந்தபின் தலைச்சாயத்தைத் தொட்டாலே முகம் வீங்கும் நிலைக்கு ஆளாகலாம். இலையை அரைத்து இடும் சிவப்பு மருதாணி அரிதாகவே தொல்லை தரும். கறுப்பு நிறம் என்றாலே தாய்மார்கள் தவிர்த்துவிடலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முன்னறிவிப்புத் தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே இருந்தது. அன்று காத்திருப்பு அறையில் என்னுடன் இருந்த ஒரு பாட்டி, கட்டுமான வேலைக்குப் போகும் தம் மகனுக்குத் துணையாக வந்தவர், குளிக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தாதி வாயால் சொல்கிறார் என்பது உண்மை. ஐந்து நாள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விதிகளைக் கையில் எழுதித் தரவேண்டும். இரண்டாவதாக, விலக்க வேண்டிய பொருள்களின் பெயர்களைத் தந்தார்களே ஒழிய, கடையில் எதை வாங்கலாம் என்று வழிகாட்டும் பட்டியல் எதுவும் தரவில்லை. ஆசியான் அழகுப்பொருள் விதிகளின்படி ஷாம்பு, களிம்பு போன்றவற்றின் உட்பொருள்கள் அனைத்தையும் அச்சிட வேண்டும் என்பதால் அவற்றைப் படித்துப் பார்க்கலாம். பாத்திரத் திரவமும் வர்ணமும் அந்த விதிக்குள் வராதவை. அவற்றின் புட்டியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்கும்படி மருத்துவர் சொன்னார். எழுதிய இரண்டு கடிதங்களில் ஒன்றுக்கே பதில் வந்தது. மூன்றாவதாக, ஏழாம் நாள் இன்னொரு முறை பார்ப்பதை அவர்கள் தாமாக முன்வந்து சொல்லவில்லை. நியோமைசினும் ஸ்டீராய்டுகளும் சிலருக்கு அத்தனை தாமதமாக எழும்பும் என்பதை நான் பிறகு அறிந்து கேட்டபோது, படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். நேரில் தடவிப் பார்ப்பதன் அருமையை அவர்களே எனக்குக் கற்றுத் தந்தபின், படம் போதும் என்றது எனக்கு உடன்பாடாக இல்லை.

செலவு, மூன்று வருகைகளும் சோதனையும் நான் கொண்டுபோன பொருள்களுக்கான கட்டணமும் சேர்த்து 780 ரிங்கிட் ஆனது. ஓர் ஆசிரியை குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளிலும், எடுத்துக்காட்டாகக் கோலாலம்பூர் மருத்துவமனையிலும், ஒட்டுச் சோதனை உண்டு. அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு போகும் குடிமக்களுக்குச் செலவு மிகக் குறைவு. காத்திருக்கும் காலம்தான் கூடுதல். கையில் உள்ள படை வேலையைப் பறிக்கும் அளவுக்கு முற்றியிருக்காவிட்டால் அந்த வழியையே முதலில் முயலலாம்.

எல்லாருக்கும் இச்சோதனை விடை தராது. கைப்படைகளில் பெரும்பகுதி ஓயாத நீராலும் சவர்க்காரத்தாலும் தோல் தேய்வதால் வருவது. அதற்கு எந்தக் கட்டமும் சிவக்காது. சிறுவயது முதலே வரும் எக்சிமாவுக்கும் இது மூலத்தைக் காட்டாது, இடையில் சேர்ந்துகொண்ட ஒவ்வாமையை வேண்டுமானால் காட்டும். சோதித்த இடத்தில் கருந்திட்டு சில வாரங்கள் நிற்கும். என் இடத்தோளில் மூன்று மாதம் இருந்தது. சோதனைப் பொருளாலேயே புதிதாக ஒவ்வாமை பதிவது மிக அரிது என்றாலும் உண்டு. கருவுற்றிருப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தள்ளி வைக்கிறார்கள்.

வகுப்பில் இப்போது ஈரத்தாளுக்குப் பதில் நனைத்த துணி. வீட்டில் கைகழுவக் கட்டிச் சோப்பு. முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல் மனம் சோர்ந்தேன். படை அடங்க இரண்டு மாதம் வரை ஆகலாம் என்று சொல்லியிருந்ததால் பொறுத்தேன். ஏழாம் வாரத்தில் விரலிடுக்கு மூடியது. பக்கத்து வகுப்பறைக்கு வர்ணம் அடித்தபோது தலைமையாசிரியரிடம் அறிக்கையைக் காட்டி, மூன்று வாரத்துக்கு நூலகத்தில் பாடம் நடத்த இடம் கேட்டேன், கொடுத்தார். மாமியார் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்.

மறு பரிசோதனைக்குப் போனபோது, குளியல், வியர்வை, உறக்கம், உடை, மாத்திரை, பட்டை கழன்றால் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதி அச்சிட்டுக் கொண்டுபோனேன். தாதி அதை நின்றபடியே முழுதும் படித்து, “மருதாணி பத்தியும் ஒரு வரி சேத்துடுங்க டீச்சர்” என்றார். அங்கேயே எழுதிச் சேர்த்தேன். மருத்துவரிடம் காட்டிவிட்டு முகப்பில் வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.